பெரியம்மா கரையிறங்காத நான்கு நாட்கள்

கப்பல் முதல் துறைமுகத்தில் போய் நின்ற காலையில் பெரியம்மாவுக்கு முட்டி வலி வந்தது. வலது முட்டி. காலையில் எழுந்து, பல் துலக்கி, சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு வரும் வரைக்கும் அந்த முட்டி சும்மாதான் இருந்தது. தங்கச்சி புருஷன் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, கரையில் இறங்கி எங்கெங்கே போகவேண்டும் என்று படிக்க ஆரம்பித்த பிறகுதான் வலித்தது.

அவர் காலில் சக்கரம் கட்டிக்கொண்ட மனிதர். காலை ஒன்பதுக்குக் கோட்டை, பத்தரைக்குக் கடைத்தெரு, பன்னிரண்டுக்குக் கலங்கரை விளக்கம் என்று ஒரு ஊரை ஆறு மணி நேரத்தில் முடித்துவிடத் திட்டம் போட்டிருந்தார். பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு, தன்னால் முடியாது, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றாள். தங்கச்சிக்கு முகம் வாடிப்போனது. பையைத் துழாவி மருந்தை எடுத்து, தரையில் உட்கார்ந்து, அக்காவின் முட்டியில் சூடு பறக்கத் தேய்த்துவிட்டாள். நல்ல முட்டியில் அந்த மருந்து நெருப்பாக எரிந்தது. பெரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். அதைப் பார்த்த தங்கச்சி, பாவம், வலி அதிகம் போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் தேய்த்தாள்.

தங்கச்சி மகள் வேலை பார்க்கும் அலுவலகத்தில் நடந்த குலுக்கலில் நான்கு பேருக்கு ஏழு நாள் கப்பல் பயணம் விழுந்திருந்தது. அப்பா, அம்மா, மகள் போக, நான்காவது சீட்டு பெரியம்மாவுக்குத்தான் என்பதில் யாரும் யோசிக்கவே இல்லை. அவள் தங்கச்சி வீட்டு மாடி அறையில் இருபது வருடமாக இருப்பவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கச்சி மகள் பிறந்த நாளிலிருந்து அவளுக்குப் பெரியம்மா என்றே பெயராகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள், தபால்காரர், கடைசியில் அவள் வேலை பார்த்த தையல் கம்பெனியின் வாட்ச்மேன் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மூன்று பேரும் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக இறங்கிப் போனார்கள். பெரியம்மா அறையின் வட்ட ஜன்னல் வழியாக அவர்கள் பாலத்தைக் கடந்து வரிசையில் நிற்பதைப் பார்த்தாள். தங்கச்சி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். அவர்கள் ஏறிய பேருந்து வளைவில் மறைந்ததும் பெரியம்மா எழுந்து, முட்டியை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பெட்டிக்கு அடியில், மூன்று துண்டுகளுக்குள் சுற்றி வைத்திருந்த பொட்டலத்தை எடுத்தாள். அதில் அவள் கையால் தைத்த நீச்சலுடை இருந்தது.

பெரியம்மா இருபத்தாறு வருடம் நீச்சலுடை தைத்தவள். வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. நீளமான கூடம், நாற்பது மிஷின்கள், மேலே ஓயாமல் சுற்றும் காற்றாடிகள். அங்கே ஒரு உடையை ஒருவரே தைப்பதில்லை. ஒருத்தி கழுத்து, ஒருத்தி கால் எலாஸ்டிக், ஒருத்தி தோள்பட்டி. பெரியம்மாவுக்குப் பக்கத் தையல். அக்குளிலிருந்து இடுப்பு வரை இரண்டு துணியைச் சேர்த்து ஓவர்லாக் மிஷினில் ஓட்டவேண்டும். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. ஓட்டித் தள்ளினால் அடுத்த மேசைக்குப் போய்விடும். அவள் தைத்த பக்கங்கள் எந்தெந்தக் கடலிலோ நனைந்திருக்கும். அவளோ வீட்டுக் குளியலறை வாளியைத் தாண்டி வேறு தண்ணீரில் இறங்கியவள் இல்லை.

ஒருநாள் சூப்பர்வைசர் ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து எல்லாருக்கும் காட்டினார். அவர்கள் தைத்த உடையைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் தண்ணீரில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். கை கால் பரப்பி, கண்ணை மூடி, மெத்தையில் படுத்தவள் மாதிரி. மற்றவர்கள் அந்தப் பெண்ணின் அழகைப் பார்த்தார்கள். பெரியம்மா பக்கத் தையலைப் பார்த்தாள். பிறகு, அவள் எப்படி மூழ்காமல் இருக்கிறாள் என்று பார்த்தாள். அந்தப் படம் அவளுக்குள் எங்கோ ஒட்டிக்கொண்டுவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் வேலையிலிருந்து நின்ற அன்று, கழிவுத் துணியில் இருட்டு நீலமாக ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்தாள். கப்பல் பயணம் உறுதியானதும், மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, முட்டி வரை கால் வைத்து, அகலமான தோள்பட்டி வைத்துத் தைத்தாள். என்ன தைக்கிறாய் என்று கீழேயிருந்து தங்கச்சி கேட்டபோது தலையணை உறை என்றாள்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் பெண்ணைப்போல மல்லாந்து மிதந்துவிடவேண்டும். ஏழு நாளுக்குள் அது நடக்கவேண்டும். அதற்கு மேல் அவளுக்கு எந்தக் குளம், யார் கூட்டிப்போவார்கள்?

கப்பல் கடலில் போன முதல் நாளே மேல்தளத்தில் இருந்த நீச்சல்குளத்தைப் போய்ப் பார்த்திருந்தாள். பள்ளிவிட்ட நேரத்துப் பேருந்து மாதிரி கூட்டம். போதாததற்கு, கப்பல் ஆட ஆடக் குளத்துத் தண்ணீரும் ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்கி, கரையில் இருந்தவர்கள் மேல் கொட்டியது. குளத்தோரம் துண்டு கொடுப்பவர் ஒருவர் இருந்தார். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், வெள்ளைக் கால்சட்டை, சோர்ந்த மீசை. அவரிடம் பெரியம்மா சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல், இந்தத் தண்ணி எப்பவும் இப்படித்தானா என்று கேட்டாள். கப்பலைக் கட்டிப்போட்டால் தண்ணீரும் அடங்கிவிடும், ஆட்களும் ஊர் பார்க்கப் போய்விடுவார்கள், துறைமுக நாளில் இங்கே ஈ ஓட்டவேண்டியதுதான் என்றார் அவர். அந்த நிமிடமே பெரியம்மா முட்டி வலியை முடிவு செய்துவிட்டாள்.

முதல் துறைமுகத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. உடையைப் போட்டு, அதன் மேல் நைட்டி போட்டு, அதன் மேல் அறையில் தொங்கிய குளியல் அங்கியையும் போட்டுக்கொண்டு மேலே போனாள். துண்டுக்காரர் சொன்னது சரிதான். நாற்காலிகள் எல்லாம் காலி. எங்கோ யாரோ தரை துடைக்கும் சத்தம். தண்ணீர் தட்டில் ஊற்றிவைத்த மாதிரி அசையாமல் கிடந்தது. பெரியம்மா ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே விட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவுதான். நீச்சலுடைக்கு மேல் போட்டிருந்த இரண்டு உடையையும் கழற்ற அவளுக்கு மனசு வரவில்லை. மூன்று மணி வரை அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள். குளிருதாம்மா என்று துண்டுக்காரர் அந்த மொட்டை வெயிலில் கேட்டதற்கு, அங்கியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

இரண்டாவது துறைமுகத்தில் நைட்டியை அறையிலேயே விட்டாள். துண்டுக்காரர் எந்தப் பக்கம் ஆழம் குறைவு என்று கை காட்டிவிட்டு, துண்டுகளை மடிக்கிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டார். பெரியம்மா அங்கியை நாற்காலியில் போட்டுவிட்டு, ஏணியின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கினாள். தண்ணீர் முட்டி, தொடை, இடுப்பு என்று ஏறி, மார்பைத் தொட்டதும் மூச்சு நின்றுபோனது. கால் தரையில் நிற்கிறதா என்றே அவளுக்கு நிச்சயமில்லை. யாரோ அடியிலிருந்து தூக்குவதுபோல் இருந்தது. அன்று முழுக்கக் கம்பியை விடவில்லை. மேலே வந்தபோது விரல்கள் எல்லாம் சுருங்கியிருந்தன.

நீச்சல் தெரியுமா என்று துண்டுக்காரரைக் கேட்டாள். அவருக்குக் கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது. இருபது வருடமாகக் கப்பலில் இருந்தும் தெரியாதாம்.

"எங்களுக்கு நீந்தச் சொல்லித் தரமாட்டாங்கம்மா. மிதக்கத்தான் சொல்லித் தருவாங்க. தண்ணியில விழுந்தா வானத்தைப் பாரு, வயித்தைத் தூக்கு, கையைப் பரப்பு. அப்புறம் யாராவது வருவாங்கன்னு நம்பு. அவ்வளவுதான் பாடம்."

"வரலைன்னா?"

"அதுக்கு வேற பாடம் இல்லம்மா."

மூன்றாவது துறைமுகத்தில் பெரியம்மா கம்பியை விட்டாள். முதலில் ஒரு கை. பிறகு இன்னொன்று. ஓர் அடி நடந்தாள், இரண்டு அடி நடந்தாள். குளத்தின் நடுவில் தனியாக நின்றபோது வெற்றிபெற்றவள்போல் இருந்தது. துண்டுக்காரர் சொன்னபடி வானத்தைப் பார்த்தாள், வயிற்றைத் தூக்கினாள், இரண்டு கையையும் அகலமாக விரித்தாள். விரித்ததும் இடது தோளில் படக்கென்று ஒரு சத்தம். பிறகு வலது தோளிலும்.

இரண்டு பட்டியும் பிய்ந்துகொண்டு வந்துவிட்டன. பெரியம்மா கழுத்து வரை தண்ணீரில் உட்கார்ந்து, முன்பக்கத் துணியை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டாள். பக்கத் தையல் இரும்பு மாதிரி இருந்தது. அதில் ஒரு நூல் அசையவில்லை. ஆனால் இருபத்தாறு வருடத்தில் அவள் ஒரு தோள்பட்டிகூட வைத்துத் தைத்ததில்லை. அது அடுத்த மேசை வேலை. சும்மா சாதாரணத் துணிக்குப் போடுவதுபோல் நேர் தையல் போட்டு வைத்திருந்தாள். துணி இழுபட்டது, நூல் இழுபடவில்லை. கம்பெனியில் எந்தப் பெண் நீச்சலுடை தைத்தாலும் இதே கதிதான் ஆகியிருக்கும். அவரவர் பங்கு பிரமாதமாக இருக்கும், மிச்சமெல்லாம் பிய்ந்துபோகும்.

துண்டுக்காரர் கூடையை எடுத்துக்கொண்டு எங்கோ போயிருந்தார். அவர் திரும்பி வர அரை மணி ஆனது. அந்த அரை மணியும் பெரியம்மா தண்ணீருக்குள்ளேயே குந்தியிருந்தாள். வாய் வரை தண்ணீர், சில சமயம் மூக்கு வரை. முதலில் பயமாக இருந்தது. பிறகு வெட்கம் பயத்தைத் தின்றுவிட்டது. அதன் பிறகு வேறு வேலை இல்லாததால் தண்ணீருக்குள் மூச்சு விட்டுக் குமிழி பறக்கிறதா என்று பார்த்தாள். துண்டுக்காரர் வந்ததும், இரண்டு துண்டை ஓரத்தில் வைத்துவிட்டு வானத்தைப் பாருங்கள் என்றாள். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் வானத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார், பாவம்.

அறை மேசை இழுப்பறையில் சின்ன ஊசி நூல் டப்பா இருந்தது. பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்து, தோள்பட்டி மேசையில் இருந்தவள் எப்படித் தைப்பாள் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். கண்ணுக்கு வரவில்லை, காதுக்கு வந்தது. அந்த மிஷின் முன்னால் ஓடி, பின்னால் வந்து, மறுபடி முன்னால் ஓடும். பட்டியை இரண்டாக மடித்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்கும். அதே கணக்கில் பட்டியை மடித்து, துணியை இழுத்துப் பிடித்து, கோணல் கோணலாகக் கைத்தையல் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். நூலும் கூடவே இழுபட்டது. அவள் முடிச்சுப் போட்டு மறைத்துவைத்த நேரமும், மூன்று பேரும் வெயிலில் சிவந்து திரும்பிய நேரமும் ஒன்றாக இருந்தது.

தங்கச்சி வந்ததும் அக்காவின் கட்டிலோரம் உட்கார்ந்தாள். கையில் ஒரு முட்டிப்பட்டை இருந்தது. கடைத்தெருவில் மூன்று கடை ஏறி வாங்கினாளாம். கலங்கரை விளக்கத்தில் ஏறியபோது, மேலே நின்று எல்லாரும் கடலைப் பார்க்க, தான் மட்டும் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்ததாக மகளிடம் சொல்லியிருக்கிறாள். அக்கா அந்தச் சின்ன அறையில் ஒற்றையாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைக்க நினைக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காவது துறைமுகம்தான் கடைசி. மாலை நான்கு மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும். பிறகு தண்ணீர் ஆடும், மறுநாள் வீடு. காலையில் தங்கச்சி புருஷன் நோட்டை எடுத்தபோது, தங்கச்சி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"நீங்களும் பொண்ணும் போய்ட்டு வாங்க. இன்னிக்கு நான் அக்காகூட இருக்கேன்."

பெரியம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போ, போய்ப் பார், திரும்ப எப்போது வரப் போகிறாய் என்று கெஞ்சிப் பார்த்தாள். அதட்டிப் பார்த்தாள். நீ கூட இல்லாமல் போனால் மாப்பிள்ளை வழி தவறிவிடுவார் என்றுகூடச் சொன்னாள். நோட்டு வைத்திருக்கும் மனிதருக்கு அது கொஞ்சம் வருத்தமாக இருந்தது. தங்கச்சி ஒற்றைக்காலில் நின்றாள். அவர்கள் இருவரும் போன பிறகு, தரையில் உட்கார்ந்து மருந்தைத் தேய்த்து, புதுப் பட்டையை மாட்டி, சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பழம் கொண்டுவந்து நறுக்கிக் கொடுத்தாள். பிறகு நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவள்போல் உட்கார்ந்தாள்.

பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. கீழே படம் போடுகிறார்களாம், போய்ப் பாரேன் என்றாள் பெரியம்மா. உன்னை விட்டுவிட்டா என்றாள் தங்கச்சி. தூங்கேன் என்றாள். தூக்கம் வரவில்லை என்றாள். பன்னிரண்டானது. மேலே தண்ணீர் அசையாமல் கிடக்கும். பெரியம்மா நெருப்பில் நிற்பதுபோல் இருந்தாள். தங்கச்சி அதையும் வலி என்று நினைத்து, மறுபடி மருந்து டப்பாவைத் திறந்தாள்.

"வேண்டாம். முட்டி வலிக்கல."

"இப்ப குறைஞ்சிருக்கா?"

"எப்பவுமே வலிக்கல."

தங்கச்சியின் கை டப்பாவின் மேலேயே நின்றது. கொஞ்ச நேரம் அவள் அக்காவின் முட்டியைப் பார்த்தாள், பிறகு தன் விரல்களைப் பார்த்தாள்.

"நாலு நாளா தேய்க்கறேன். சாப்பிடறப்போ எல்லாம் இந்த வாசனைதான் வருது. எதுக்குக்கா?"

பெரியம்மா பெட்டிக்கு அடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து தங்கச்சி மடியில் வைத்தாள். தங்கச்சி பிரித்துப் பார்த்தாள். தலைகீழாகப் பிடித்தாள், நேராகப் பிடித்தாள். இது என்ன என்று புரிந்தபோது முகத்தில் என்னென்னவோ ஓடியது.

"தலையணை உறை," என்றாள் மெதுவாக.

"ம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ சிரிப்ப."

"சிரிப்பேன்தான். நான் சிரிச்சு நீ எதைக்கா நிறுத்தியிருக்க?" அவள் மருந்து டப்பாவை மூடினாள். "நீ ரூம்ல தனியா கிடக்கறன்னு நான் ஒரு ஊரையும் ஒழுங்கா பாக்கல. உனக்கு அது தெரியுமா?"

அது பெரியம்மாவுக்குத் தெரியாது. தான் ஒருத்தி இறங்காவிட்டால் மற்ற மூன்று பேரும் நிம்மதியாக ஊர் பார்ப்பார்கள் என்றே நினைத்திருந்தாள். தப்புத்தான் என்றாள். தங்கச்சி எழுந்து குளியலறைக்குப் போய்க் கையைக் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள். திரும்பி வந்து, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, நான்கு மணிக்குக் கப்பல் கிளம்பிவிடுமே என்றாள்.

மேல்தளத்தில் பெரியம்மா அங்கியைக் கழற்றியபோது தங்கச்சி சொன்ன சொல் தவறாமல் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். துண்டுக்காரர் கவலையோடு ஓடிவந்து, கூட வந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பெரியம்மா யாரையும் கண்டுகொள்ளாமல் ஏணியில் இறங்கினாள். சிரிக்கட்டும். சிரித்து முடித்தால் அடங்கிவிடுவாள்.

முதல் தடவை வயிற்றைத் தூக்கியதும் மூக்கில் தண்ணீர் ஏறி, இருமி எழுந்து நின்றாள். இரண்டாவது தடவை கால் கல்லைப்போல் கீழே போனது. தங்கச்சியின் சிரிப்பு நின்றுபோய்விட்டது. அவள் குளத்தின் விளிம்புக்கு வந்து, குனிந்து, தண்ணீரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். போதும், வா என்று சொல்வாளோ என்று பெரியம்மா பயந்தாள். அவள் சொல்வதற்குள் மறுபடி மல்லாந்தாள். வானத்தைப் பார்த்தாள். வயிறு தூக்கினாள். கை பரப்பினாள். தோளில் இழுபட்டது, பிய்யவில்லை.

காது இரண்டும் தண்ணீருக்குள் போனதும் உலகம் அடங்கிவிட்டது. அவள் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. முதுகுக்கு அடியில் ஒன்றும் இல்லை, ஆனாலும் கீழே போகவில்லை. மேலே ஒரு பறவை போனது. ஓரக்கண்ணில் தங்கச்சி தெரிந்தாள். இரண்டு கையையும் ஆட்டி, வாயை அகலத் திறந்து என்னவோ கத்திக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் கேட்கவில்லை. திட்டட்டும் என்று பெரியம்மா நினைத்தாள். நாலு நாள் மருந்துக்கு அது நியாயம்தான். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாளோ தெரியாது. சிரிக்க நினைத்ததும் வாய்க்குள் தண்ணீர் போனது. தடுமாறி எழுந்து, முடியை வழித்துவிட்டுக்கொண்டு தங்கச்சியைப் பார்த்தாள்.

"என்ன அப்படித் திட்டின?"

"திட்டவா? காலை நீட்டு, காலை நீட்டுன்னு தொண்டை கிழியக் கத்தறேன், நீ பாட்டுக்குப் படுத்திருக்க. உக்காந்த மாதிரி மிதக்கற. பாக்க நல்லால்ல," என்றாள் தங்கச்சி. "நேரம் இருக்கு. இன்னொரு தரம் ஒழுங்கா பண்ணு."

பெரியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடி வானத்தைப் பார்த்தாள்.